காலடி நின்ற கோயிலும் கதை நின்ற கோயிலும்

சிரியாவின் வடமேற்கில், அஃப்ரீன் நகருக்குத் தெற்கே ஒரு மேடு. அதன்மேல் நின்றது ஐன் தாரா கோயில். முகப்பு வாசற்படியின் சுண்ணாம்புக்கல்லில் இரண்டு வெறுங்கால் தடங்கள் பக்கம் பக்கமாகச் செதுக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம். விரல்களின் பள்ளம்கூடத் துல்லியமாகத் தெரிந்தது. அடுத்து இடது பாதம் மட்டும். உள்மண்டப வாசலில், சுமார் 10 மீட்டர் தள்ளி, வலது பாதம். எல்லாமே உள்நோக்கிப் போகும் தடங்கள். வாசலில் சற்று நின்று, பிறகு எட்டுவைத்து உள்ளே போய்க் குடியேறிவிட்டது தெய்வம். அதைச் சொல்லச் சிற்பிக்கு ஓர் எழுத்தும் தேவைப்படவில்லை.

எந்தத் தெய்வம்? இஷ்தார் என்பார் உண்டு. இடியின் கடவுளான ஹதாத் என்பாரும் உண்டு. கி.மு. 1300 அளவில் எழுந்து, அரமேயர் காலத்திலும் தொடர்ந்து, கி.மு. 740 வரை புழக்கத்தில் இருந்த கோயில் அது. ஆனால் அதன் கதை மக்கள் நாவில் தங்கவில்லை. 1955இல் ஒரு பிரம்மாண்டமான கல் சிங்கம் வெளிப்பட்ட பிறகுதான் மேடு கவனத்துக்கு வந்தது.

டமாஸ்கஸில் நேர்மாறு. அரமேயர் தலைநகரின் ஹதாத் கோயில் இருந்ததாகக் கருதப்படும் இடத்தில் இன்று உமையா பள்ளிவாசல் நிற்கிறது. பள்ளிவாசல் சுவரில் கிடைத்த, சிறகுள்ள ஸ்பிங்ஸ் செதுக்கிய ஒரு பலகைக்கல்லைத் தவிர அந்தக் கோயிலைக் காட்ட அதிகம் மிஞ்சவில்லை. கதைகளோ குறையவே இல்லை. பைபிளில், தொழுநோய் நீங்கிய அரமேயப் படைத்தலைவன் நாகமான், இனி இஸ்ரவேலின் கடவுளையே வணங்குவேன் என்று அந்நாட்டு மண்ணில் இரண்டு கோவேறு கழுதைச் சுமை கேட்கிறான். கூடவே, அரசன் தன் கையில் சாய்ந்து ரிம்மோன் கோயிலில் பணியும்போது தானும் குனிய நேருமே, அதற்கு மன்னிப்பு வேண்டும் என்கிறான். ரிம்மோன் என்பது ஹதாதின் மறுபெயர். நம்பிக்கைக்கும் உத்தியோகத்துக்கும் நடுவில் தவித்த மனிதனின் இந்த வேண்டுகோள் என்னை எப்போதும் உலுக்குகிறது. யூதாவின் அரசன் ஆகாஸோ டமாஸ்கஸில் கண்ட பலிபீடத்தின் மாதிரியை எருசலேமுக்கு அனுப்பி, அதேபோல் ஒன்று கட்டவைத்தான்.

ஹதாத் போய் ஜூபிடர் வந்தார், பிறகு தேவாலயம், 8ஆம் நூற்றாண்டில் பள்ளிவாசல். யோவான் ஸ்நானகனின், அதாவது யஹ்யா நபியின், தலை அங்கே அடங்கியிருப்பதாக இரு சமயத்தாரும் போற்றுகிறார்கள். ஒவ்வொரு புது நம்பிக்கையும் பழைய கட்டடத்தைக் கலைத்தது. இடத்தின் புனிதத்தை மட்டும் விடவில்லை.

ஐன் தாராவைக் காக்க அப்படி ஒரு வழிபாடு இல்லை. 2018 ஜனவரியில் துருக்கிய விமானத் தாக்குதலில் கோயிலின் பெரும்பகுதி சிதைந்தது. முகமண்டபம், முன்கூடம், உள்மண்டபம் என்ற அதன் அமைப்பு, சாலொமோன் ஆலயத்தைப் பற்றி பைபிள் தரும் வருணனையோடு வியக்கத்தக்க அளவு ஒத்துப்போகிறது. நாகமான் குனிந்த கோயில் எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்கவும் இதுபோன்ற கட்டடங்களே துணை. ஆகவே அந்தக் குண்டுவீச்சில் டமாஸ்கஸின் கதைகளும் தங்களுக்கிருந்த ஒரு நல்ல கல்சாட்சியை இழந்தன.