எம்.சி.ராஜாவும் 1938இன் இரண்டு மசோதாக்களும்



எம்.சி.ராஜா என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது 1932இல் அவர் மூஞ்சேயோடு செய்துகொண்ட ஒப்பந்தம்தான். அம்பேத்கர் தனி வாக்காளர் தொகுதி கேட்டு நின்றபோது, ஒதுக்கப்பட்ட இடங்களோடு கூட்டுத் தொகுதியே போதும் என்று இந்து மகாசபைத் தலைவரோடு உடன்பட்டார். அந்தக் குற்றச்சாட்டை நான் மறுக்கப்போவதில்லை. ஆனால் அந்த ஒப்பந்தத்தோடு அவரை மூடி வைத்துவிட்டால், சட்டசபையில் அவர் பட்டுத் தெரிந்துகொண்டதை நாம் படிக்காமலே போவோம்.

1883இல் பரங்கிமலையில் பிறந்தவர், பள்ளி ஆசிரியர். 1920இல் சென்னை மாகாணச் சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார். அவருக்குப் பின்னால் ஓட்டு இல்லை, ஆளுநரின் நியமனம் மட்டுமே இருந்தது. அந்த நிலையிலும் 1922இல், பறையர், பஞ்சமர் என்ற பெயர்களை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கி ஆதிதிராவிடர் என்று எழுத வேண்டும் என்ற தீர்மானத்தைக் கொண்டுவந்து நிறைவேற்றினார். அரசாணையும் வந்தது. நீதிக்கட்சியோடு இருந்தவர், 1923இல் அதைவிட்டு விலகினார்.

பூனா ஒப்பந்தத்திலும் அவர் கையெழுத்து இருக்கிறது. அதன்படி 1937 தேர்தலில் சென்னைச் சட்டமன்றத்தின் 215 இடங்களில் 30 தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டன. முதற்கட்டத்தில் நம் மக்கள் நான்கு பேரைத் தேர்ந்தெடுக்கலாம்; அந்த நால்வரில் யார் வெல்வது என்பதை எல்லாச் சாதியாரும் சேர்ந்து போடும் ஓட்டு முடிவுசெய்யும். அந்த 30இல் மிகப் பெரும்பாலானவை காங்கிரசுக்குப் போயின. ராஜாவும் உறுப்பினரானார். காங்கிரஸ் பதவியேற்கும்வரை இருந்த இடைக்கால அமைச்சரவையில் சில மாதங்கள் அமைச்சராகவும் இருந்தார்.

1938இல் அவர் இரண்டு மசோதாக்களைக் கொண்டுவந்தார். பொதுச் சாலை, கிணறு, பொது இடங்களில் தீண்டாமை காட்டுவதைத் தடுக்கும் மசோதா சட்டமானது. மற்றொன்று கோயில் நுழைவு மசோதா. முதல்வர் ராஜாஜி அதைத் திரும்பப் பெறச் சொன்னார். மலபாருக்கு மட்டும் தனிச் சட்டம் வரும் என்றார். ராஜா மறுத்தார். மசோதா வாக்கெடுப்புக்கு வந்து, பெரும் வித்தியாசத்தில் தோற்றது.

தோற்றதைவிட, எப்படித் தோற்றது என்பதைக் கவனியுங்கள். காங்கிரஸ் சார்பில் தனித்தொகுதிகளில் வென்ற நம்மவர்களே கட்சிக் கட்டளைக்குப் பணிந்து எதிர்த்து வாக்களித்தார்கள். கோயில் வாசலில் நிறுத்தப்பட்டவர்கள்தான் அவர்களும். அவர்களைத் துரோகிகள் என்று திட்டிவிடுவது சுலபம். மீறியிருந்தால் அடுத்த தேர்தலில் சீட்டு கிடைத்திருக்குமா? சீட்டைக் கட்சி தந்தது. வெற்றியைச் சாதி இந்துக்களின் ஓட்டு தந்தது. 1922இல் ஓட்டே இல்லாத நியமன உறுப்பினரால் முடிந்தது, 1938இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களால் முடியவில்லை. (நியமனமே மேல் என்று சொல்ல வரவில்லை, ஆளுநருக்குக் கோயிலைப் பற்றிக் கவலையில்லை, அவ்வளவுதான்.)

ராஜா காந்திக்குக் கடிதம் எழுதினார். ராஜாஜியை நம்புங்கள் என்பதுதான் பதிலின் சாரம். அந்தக் கடிதப் போக்குவரத்தைப் பின்னாளில் அம்பேத்கர் காங்கிரசைப் பற்றி எழுதிய தம் நூலில் அச்சிட்டார். முன்பு தம்மை எதிர்த்து நின்றவரின் அனுபவத்தையே சான்றாக வைத்தார்.

1942இல் கிரிப்ஸ் தூதுக்குழு வந்தபோது அம்பேத்கரும் ராஜாவும் ஒன்றாகச் சென்று அவரைச் சந்தித்தார்கள். அந்தத் திட்டம் தாழ்த்தப்பட்ட மக்களுக்குக் கேடு என்று இருவரும் சேர்ந்தே எழுதிக் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் ராஜா காலமானார்.