உள்ளாடை வழக்கில் வளர்ந்த சட்டம்

1931-ல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் டாக்டர் கிராண்ட் என்பவர் கம்பளி உள்ளாடை வாங்கினார். துவைக்காமலே போட்டுக்கொண்டார். அன்றைக்கே கணுக்காலில் அரிப்பு. பிறகு உடம்பெங்கும் பரவி, மாதக்கணக்கில் படுக்கை, பிழைத்ததே பெரிது. துணியில் சல்பைட் தங்கியிருந்தது. திருப்பூரில் ப்ளீச்சிங் பட்டறை வைத்திருப்பவருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்: அலசு சரியில்லை.

கம்பெனிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? "எங்கள் முறை பழுதில்லாதது. 47 லட்சம் உருப்படிக்கு மேல் செய்திருக்கிறோம், ஒரு புகார் இல்லை. எங்கள் ஆளில் யார், எந்த இடத்தில் தவறினார், காட்டட்டும்" என்ற தோரணையில் வாதம் நடந்தது. பார்த்தால் நியாயம் போலத்தான் இருக்கும். ஆலைக்குள் கால் வைக்காத நோயாளி எதைக் காட்டுவார்?

வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. இந்தியாவின் மேல்முறையீடுகளுக்கும் அன்று அதுதான் கடைசிப் படி. தயாரிப்பவர், தன் கண்ணில் படாத பயனாளிக்கும் கவனத்தோடு நடக்கக் கடமைப்பட்டவர் என்று 1932-லேயே ஒரு ஜிஞ்சர் பீர் வழக்கில் பிரிட்டனின் பிரபுக்கள் சபை சொல்லியிருந்தது. 1935-ல் பிரிவி கவுன்சில் இன்னொரு படி ஏறியது. முறை சரியாக இருந்தும் சல்பைட் தங்கியதென்றால் யாரோ தவறியிருக்கிறார். அந்த ஆளை விரல் நீட்டிக் காட்டும் வேலை பாதிக்கப்பட்டவருடையது அல்ல. நடந்ததை வைத்தே அலட்சியத்தை ஊகிக்கலாம். கிராண்டுக்கு 2,450 பவுண்டு கிடைத்தது. ஊகம் புதிதல்ல, 1863-லேயே, மாடியிலிருந்து மாவுப் பீப்பாய் விழுந்து வழிப்போக்கர் அடிபட்ட இங்கிலாந்து வழக்கில் அது இருக்கிறது.

நம் சாலைகளில் இதே தர்க்கம் வேரூன்றத் தாமதமானது. விபத்து நேரத்தில் வீட்டில் இருந்த மனைவி, டிரைவரின் தவறை எப்படி நிரூபிப்பார்? 1960-ல் ரஞ்சித் ஜின்னிங் அண்ட் பிரஸ்ஸிங் கம்பெனியின் கார் நாக்பூரிலிருந்து பாண்டுர்ணா போகும் வழியில் சாலையை விட்டு விலகி மரத்தில் மோதியது. ஓட்டியவர் கம்பெனி மேனேஜர். உடன் வந்தவர் இறந்தார். ஒழுங்காக ஓட்டினால் கார் மரத்துக்குப் போகாது. மேனேஜர் கம்பெனி வேலையாகப் போனதால் கம்பெனியே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் சொன்னபோது 1977 ஆகிவிட்டது. பதினாறு வருஷம்!

அடுத்து 1980-ல் வந்த தீர்ப்பு. என்.கே.வி. பிரதர்ஸ் பஸ் இரவில், தாழத் தொங்கிய உயர் அழுத்த மின்கம்பியில் பட்டு 8 பேர் அங்கேயே மடிந்தார்கள். குற்றவியல் நீதிமன்றம் 'கடவுள் செயல்' என்று டிரைவரை விடுவித்தது. அந்தத் தீர்ப்பைக் கேடயமாகப் பிடித்த பஸ் கம்பெனியிடம் உச்ச நீதிமன்றத்தின் நீதிபதி கிருஷ்ணய்யர் அமர்வு மசியவில்லை. சிறைக்கு அனுப்பத் தேவைப்படும் சான்றின் அளவு வேறு, இழப்பீட்டுக்கு வேறு. சின்னச் சின்னச் சந்தேகத்தைக் காட்டி முதலாளி தப்பக் கூடாது என்றது. தவறை நிரூபிக்காமலே இழப்பீடு தரும் சட்டம் வேண்டும் என்றும் வலியுறுத்தியது. 1982-ல் அது வந்தது, இறப்புக்கு வெறும் 15,000 ரூபாயோடு. 2022 ஏப்ரல் முதல் 5 லட்சம்.

2020 பிப்ரவரி 20 அதிகாலை, அவிநாசி அருகே டைல்ஸ் ஏற்றிய கண்டெய்னர் லாரி சாலைத் தடுப்பைத் தாண்டி கேரள அரசு பஸ்ஸில் மோதி 19 பேர் இறந்தார்கள். டயர் வெடித்ததா, டிரைவர் கண் அசந்தாரா என்று அன்று ஊரெல்லாம் பேச்சு. இந்தத் தர்க்கப்படி, லாரி தடுப்பைத் தாண்டி எதிர்ப்பக்கம் வந்தது ஏன் என்பதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் லாரித் தரப்பினர்தான். பஸ்ஸில் தூங்கிக்கொண்டு வந்தவரின் குடும்பத்தார் அல்ல.

ஷிப்டுக்கு ஆள் ஏற்றும் கம்பெனி வேனுக்கும் இதே கணக்குதான். சாலையோர மரத்தில் வேன் மோதினால் முதலாளி டிரைவரைக் கை காட்டி ஒதுங்க முடியாது.

தொழிலாளர் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை: விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு போடச் சொல்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தம், தள்ளிப் போடாதீர்கள். ஒடிசாவிலோ பீகாரிலோ இருக்கும் பெற்றோர் இதற்காகத் திருப்பூர் வர வேண்டியதில்லை. அவர்கள் குடியிருக்கும் பகுதியின் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலேயே மனு கொடுக்கலாம்.