'கியா ஓரா': ஒரு வணக்கச் சொல்லின் வரலாறு

நியூசிலாந்தில் வாழும் நண்பர் ஒருவர் எனக்கு எழுதும் கடிதங்கள் எல்லாம் 'கியா ஓரா' என்று தொடங்கி 'ஙா மிஹி' என்று முடியும். இடையில் இருப்பது முழுக்க ஆங்கிலம். நண்பர் மாவோரி இனத்தவர் அல்லர். முதற் கடிதம் கண்டபோது இது வெறும் அலங்காரம் என்றே எண்ணினேன். அங்கு அலுவலகக் கடிதங்களும் இவ்வாறு எழுதப்படுவதுண்டு எனப் பின்னர் அறிந்தேன். (நமது நெடுங்கணக்கில் இருந்தும், சொல்லின் தொடக்கத்தில் நாம் வைக்கத் தயங்கும் ஙகரத்தை அவர்கள் நாள்தோறும் புழங்குகிறார்கள் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.)

'ஓரா' என்றால் உயிர், நலம். 'கியா ஓரா' என்பது நலமாயிருக்க வாழ்த்துவது. வணக்கத்துக்கும் அதுவே, நன்றிக்கும் அதுவே. நேயர்களே, இந்த இரு சொற்களுக்காக ஒரு பெண் தமது பணியிடத்திலிருந்து அகற்றப்பட்ட கதை ஒன்று உண்டு.

1984 இல் ஒக்லாந்து தொலைபேசி இணைப்பகத்தில் தூர அழைப்புகளை இணைத்துக் கொடுப்பவராக நைடா கிளாவிஷ் என்ற மாவோரிப் பெண் கடமையாற்றினார். அழைப்பவர்களை அவர் 'கியா ஓரா' என்றே வரவேற்பார். ஆங்கில முகமன் மட்டுமே கூறவேண்டும் என மேலதிகாரி பணித்தார். அவர் மறுத்தார். அழைப்புகளுக்குப் பதில் சொல்லும் இடத்திலிருந்து அவர் அகற்றப்பட்டார். செய்தி வெளியானதும் நாடெங்கும் வாதப் பிரதிவாதங்கள் எழுந்தன. பலர் இணைப்பகத்தை அழைத்து வேண்டுமென்றே 'கியா ஓரா' என்றார்கள். பிரதமர் றொபேட் மல்டூன் தலையிட, தடை விலக்கப்பட்டது. கிளாவிஷ் தமது வேலைக்குத் திரும்பினார்.

ஒரு முகமனுக்கு ஏன் இத்தனை அமளி? சற்றுப் பின்னோக்கிப் பார்க்கவேண்டும்.

1840 இல் வைத்தாங்கி ஒப்பந்தம் எழுதப்பட்டபோது மாவோரியிலும் ஆங்கிலத்திலும் எழுதப்பட்டது. தலைவர்களில் மிகப் பெரும்பாலோர் கையொப்பமிட்டது மாவோரிப் பிரதியிலேயே. அன்று மாவோரியரிடம் வணிகம் செய்ய வந்த வெள்ளையர்தாம் அவர்கள் மொழியைக் கற்கவேண்டியிருந்தது. குடியேறியோர் பெருகப் பெருக நிலைமை தலைகீழாயிற்று. 1867 ஆம் ஆண்டுச் சட்டம் மாவோரிக் கிராமப் பாடசாலைகளுக்கு ஆங்கிலத்தைப் போதனாமொழியாக்கியது.

சேர் ஜேம்ஸ் ஹெனாரே என்ற முதியவர் 1985 இல் வைத்தாங்கி விசாரணை மன்றத்தின் முன் கூறியதை என்னால் மறக்க முடியவில்லை. பாடசாலை வளவில் தாய்மொழி பேசியதற்காக, காட்டுக்குச் சென்று கொடி வெட்டிவர அவர் அனுப்பப்பட்டார். வெட்டிவந்த அக் கொடியாலேயே அவருக்கு அடி விழுந்தது. பாணும் பட்டரும் தரும் மொழி ஆங்கிலமே என்று ஆசிரியர் போதித்தாராம்.

அடிபட்ட தலைமுறை தன் பிள்ளைகளுக்கு அடி விழாதிருக்க என்ன செய்யும்? வீட்டிலும் ஆங்கிலம் பேசியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் குடும்பங்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தபோது, பக்கத்து வீட்டிலும் மாவோரி கேட்கவில்லை. 1913 இல் மாவோரி மாணவருள் 90 வீதமானோர் அம்மொழியைப் பேசினர். 1975 இல் 5 வீதத்துக்கும் குறைவானோரே பேசினர். கிளாவிஷின் வணக்கம் ஒலித்தது இந்த மௌனத்தின் நடுவேதான்.

மீட்பு முயற்சிகள் அதற்கு முன்னரே தொடங்கிவிட்டன. 1972 இல் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒப்பமிட்ட மனு பாராளுமன்றத்துக்குச் சென்றது. 1982 இல் பாட்டிமார் மழலைகளோடு மாவோரி மட்டுமே பேசும் 'கோஹங்கா ரேயோ', அதாவது மொழிக்கூடு, தோன்றியது. என் எண்ணத்தில் சட்டங்களைவிட இதுவே பெரிய காரியம். 1987 இல் மாவோரி ஆட்சிமொழியாயிற்று.

ஆயினும் பழைய எரிச்சல் உடனே தணியவில்லை. 1999 உலகக் கிண்ண றகர் போட்டியின்போது இலண்டனில் ஹினேவேஹி மோஹி தேசிய கீதத்தை மாவோரியில் மட்டும் பாட, கண்டனங்கள் குவிந்தன. இன்றோ முதலில் மாவோரியிலும் அடுத்து ஆங்கிலத்திலும் பாடுவதே வழக்கம். ஆங்கிலப் பேச்சிலும் மாவோரிச் சொற்கள் தாராளமாகக் கலந்துள்ளன. உணவுக்கு அவர்கள் சொல் 'கை' என்பது நம் காதுக்கு வேடிக்கையாயிருக்கும்.

ஆனால் வணக்கம் சொல்வோர் எல்லாம் உரையாடக் கூடியவர்கள் அல்லர். 2023 குடிசனக் கணக்கெடுப்பில், சுமார் ஐம்பது இலட்சம் மக்களில் மாவோரி பேசத் தெரிந்தோர் இரண்டு இலட்சத்துக்குச் சற்று மேல். என் நண்பரும் முகமனுக்கு அப்பால் நாலு வசனம் அறியார். கடைசிக் கடிதத்தில், மாலை வகுப்பொன்றில் சேர்ந்திருப்பதாக எழுதியிருந்தார். வகுப்பில் பாதிப்பேர் மாவோரியராம். தங்கள் பாட்டி பேசிய மொழியைப் படிக்க வந்தவர்கள்.