செவ்வாய்ச் சமவெளியில் 45 கிலோமீட்டர்

ஆப்பர்ச்சுனிட்டி என்னும் ஊர்தி செவ்வாய்க் கோளில் உருண்ட மொத்தத் தூரம் 45.16 கிலோமீட்டர். அதற்கு ஆன காலம் பதினான்கு ஆண்டுகளுக்கும் மேல். அதற்கு முதலில் குறிக்கப்பட்ட ஆயுளோ 90 செவ்வாய் நாட்கள்தான். இந்த மூன்று எண்களையும் அடுக்கி வியந்துவிட்டு நகர்வது எளிது. அந்தத் தூரம் எதை நோக்கிச் சென்றது என்பதே எனக்கு முதன்மையாகப் படுகிறது. ஒரு பெருங்குழியிலிருந்து அடுத்த பெருங்குழிக்கு அது போன ஒவ்வொரு முறையும், முன்பு கண்டதைவிடப் பழைய பாறையைத் தேடிப் போனது. நெடுந்தூரம் ஓடியதால்தான் அதனால் நெடுங்காலம் பின்னோக்கிச் செல்ல முடிந்தது.

2003 ஜூலையில் ஃபுளோரிடாவிலிருந்து கிளம்பிய இந்த ஊர்தி 2004 ஜனவரி 25 அன்று காற்றுப்பைகளுக்குள் பொதிந்தபடி மெரிடியானிச் சமவெளியில் விழுந்து, துள்ளி, உருண்டு, 22 மீட்டர் அகலமே உள்ள ஒரு குழிக்குள் போய் நின்றது. அதன் இரட்டையான ஸ்பிரிட் மூன்று வாரங்களுக்கு முன்பே கோளின் மறுபக்கத்தில் குசேவ் குழியில் இறங்கியிருந்தது. இரண்டுக்கும் பெயர் தந்தவள் சோஃபி காலிஸ் என்ற ஒன்பது வயதுச் சிறுமி. சைபீரியாவில் அநாதை இல்லத்தில் இருந்து, அமெரிக்கக் குடும்பம் ஒன்றால் தத்தெடுக்கப்பட்ட குழந்தை அவள். கட்டுரைப் போட்டியில் அவள் எழுதிய சில வரிகளிலிருந்து அந்தப் பெயர்கள் வந்தன.

மெரிடியானியைத் தேர்ந்ததற்குக் காரணம் இருந்தது. மார்ஸ் குளோபல் சர்வேயர் என்ற சுற்றுக்கலம் அங்கே ஹேமடைட் என்னும் இரும்புத்தாது பரந்து கிடப்பதை மேலிருந்தே கண்டிருந்தது. அந்தத் தாது பெரும்பாலும் நீருள்ள இடத்தில் உருவாவது. தரையிறங்கிய குழியின் சுவரிலேயே அடுக்கடுக்கான படிவுப் பாறை வெளித்தெரிந்தது ஆய்வாளர்களுக்குக் கிடைத்த பெரும் பேறு. பாறையெங்கும் மிளகளவு உருண்டைகள் பதிந்திருந்தன. அவையே அந்த ஹேமடைட். பாறையில் சல்பேட் உப்புகள் நிறைந்திருந்தன. அமில நீரில் மட்டுமே உருவாகும் ஜாரோசைட்டும் இருந்தது. அந்தப் பாறை ஒருகாலத்தில் நீரில் ஊறிக் கிடந்தது என்று 2004 மார்ச் 2 அன்று நாசா அறிவித்தது. இறங்கி ஆறு வாரம்கூட ஆகவில்லை. வந்த வேலையின் மையம் முடிந்துவிட்டது. அங்கேயே நின்றிருந்தாலும் அது வெற்றிப் பயணம்தான். ஆனால் அந்த நீர் அமில நீர். உயிர் தழைக்க ஏற்ற நல்ல நீர் அதற்கும் முன்பு அங்கே இருந்ததா என்ற கேள்விக்கு அந்தக் குழியில் விடை இல்லை.

இந்த ஊர்தியை ஓட்டுவது எப்படி என்பதையும் சொல்ல வேண்டும். பூமியில் உட்கார்ந்து கைப்பிடியைத் திருப்பி ஓட்டிவிட முடியாது. வானொலி அலை செவ்வாயை அடைய, கோள்களின் இருப்பைப் பொறுத்து, சில நிமிடங்கள் முதல் இருபது நிமிடங்களுக்கு மேலும் ஆகும். ஆகவே கலிஃபோர்னியாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் இருந்த ஓட்டுநர்கள், முந்தைய நாள் வந்த இரட்டைக் கண் படங்களைக் கொண்டு நிலத்தின் வடிவத்தைக் கணினியில் எழுப்பி, எந்தக் கல்லைச் சுற்றுவது, எந்தச் சரிவில் ஏறுவது என்று தீர்மானித்து, ஒரு நாளுக்கான கட்டளைகள் அனைத்தையும் ஒரே கோப்பாக அனுப்புவார்கள். ஊர்தி அவற்றைத் தனியே நிறைவேற்றிவிட்டு, தலைக்கு மேல் கடந்துபோகும் சுற்றுக்கலத்தின் வழியே மாலையில் செய்தி சொல்லும். செவ்வாய் நாள் நம் நாளைவிட ஏறத்தாழ 40 நிமிடம் நீளம். தொடக்க மாதங்களில் அந்தக் குழுவினர் செவ்வாயின் கடிகாரப்படியே வாழ்ந்தார்கள். அவர்களின் பகலும் இரவும் நாள்தோறும் நழுவிக்கொண்டே போயின. ஆறு சக்கரங்களும் 185 கிலோ எடையும் கொண்ட அந்த ஊர்தியின் உச்ச வேகம் நொடிக்கு 5 சென்டிமீட்டர். 2005 மார்ச்சில் ஒரே நாளில் 220 மீட்டர் ஓடியது. செவ்வாயில் அந்தச் சாதனை பல ஆண்டுகள் நிலைத்தது.

அந்தச் சாதனைக்கு அடுத்த மாதமே சோதனை வந்தது. 2005 ஏப்ரல் 26 அன்று, ஒரு நாள் ஓட்டத்தின் நடுவே, சுமார் 30 சென்டிமீட்டர் உயரமே உள்ள மணல் மேட்டில் ஆறு சக்கரங்களும் புதைந்தன. மேடு பார்வைக்கு மற்ற நூற்றுக்கணக்கான மேடுகளைப் போலவே இருந்தது. ஊர்தி முன்னேறுகிறது என்றே அதன் கணினி நம்பியது. சக்கரம் சுற்றினால் தூரம் கடந்ததாகத்தான் அதற்குக் கணக்கு. குழுவினர் அவசரப்படவில்லை. ஆய்வகத்தில் வெவ்வேறு மண்களைக் கலந்து அதே போன்ற புழுதியை உண்டாக்கி, சோதனை ஊர்தியை அதில் புதைத்து, எப்படி மீள்வது என்று வாரக்கணக்கில் பார்த்தார்கள். பிறகு செவ்வாயில் சிறிது சிறிதாகச் சக்கரங்களைச் சுழற்றினார்கள். 192 மீட்டர் ஓடப் போதுமான சுழற்சிக்கு, ஊர்தி நகர்ந்தது சுமார் ஒரு மீட்டர். ஜூன் 4 அன்று அது விடுபட்டது. அந்த மேட்டுக்குப் பர்கடரி என்று பெயர் வைத்தார்கள். அதன்பின் ஓட்டும் முறையே மாறியது: சிறிது தூரம் போவது, நின்று படம் எடுப்பது, உண்மையில் எவ்வளவு நகர்ந்தோம் என்று படங்களை ஒப்பிட்டுக் கணிப்பது, சறுக்கல் மிகுந்தால் அங்கேயே நின்றுவிடுவது. வேகம் குறைந்தது, ஆனால் பின்னர் கடந்த நாற்பது கிலோமீட்டரும் இந்த நிதானத்தால் கிடைத்தவை என்றே நான் கருதுகிறேன்.

2006 செப்டம்பரில் விக்டோரியா பெருங்குழியின் விளிம்பை அடைந்தது. முக்கால் கிலோமீட்டர் அகலம், சுமார் 70 மீட்டர் ஆழம். உள்ளே இறங்குமுன் 2007 நடுவில் புழுதிப் புயல் வானத்தை மூடியது. தொடக்கத்தில் நாளொன்றுக்குச் சுமார் 900 வாட்மணியாக இருந்த சூரிய மின்சாரம் 128 வாட்மணியாகச் சுருங்கியது. தப்பிப் பிழைத்து, செப்டம்பரில் உள்ளே இறங்கி, ஏறத்தாழ ஓராண்டு அடுக்குகளை ஆராய்ந்து, 2008 ஆகஸ்டில் மேலேறியது.

அப்போதுதான் இப்பயணத்தின் ஆகத் துணிந்த முடிவு எடுக்கப்பட்டது. நேர்க்கோட்டிலேயே 12 கிலோமீட்டர் தொலைவில் எண்டெவர் என்ற 22 கிலோமீட்டர் அகலப் பெருங்குழி இருந்தது. இடையே பெரிய மணல் அலைகள், சுற்றித்தான் போகவேண்டும். அதுவரை நான்கரை ஆண்டுகளில் ஓடிய மொத்தத் தூரத்தைவிட அது அதிகம். திட்டமிட்ட ஆயுள் தீர்ந்து எத்தனையோ மடங்கு ஆகிவிட்ட இயந்திரம் அது. போய்ச்சேரும் என்று எவராலும் உறுதி சொல்ல முடியாத நிலையில், கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஸ்டீவ் ஸ்குவயர்ஸ் தலைமையிலான அறிவியல் குழு தெற்கே திரும்பச் சொன்னது. சமவெளியிலேயே தங்கியிருந்தால் பாதுகாப்பாக இருந்திருக்கலாம். ஆனால் ஏற்கெனவே கண்ட அதே பாறைகளையே மறுபடி மறுபடி கண்டிருக்கும். எண்டெவரின் விளிம்போ அந்தச் சமவெளிப் பாறைகள் உருவாவதற்கு முன்பே எழுந்தது. அங்கே களிமண் கனிமங்கள் இருப்பதை வேறொரு சுற்றுக்கலத்தின் கருவியும் பிற்பாடு காட்டியது. அந்த முடிவு சரியானது என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

போகும் ஊர்தியோ முழு உடல்நலத்தில் இல்லை. வலது முன்சக்கரத்தைத் திருப்பும் விசை 2005லேயே இறுகிப்போயிருந்தது. அதே சக்கரம் மின்சாரத்தை அதிகம் இழுத்ததால் பல கிலோமீட்டர்களைப் பின்னோக்கியே ஓட்டினார்கள். அதன் இயந்திரக் கையின் தோள்மூட்டில் பழுது. மடக்கினால் மீண்டும் நீளாமல் போகலாம் என்று அஞ்சி, கையை முன்னே நீட்டியபடியே ஓட்டினார்கள். 2009இல் பிளாக் ஐலண்ட் என்ற இரும்பு விண்கல்லை வழியில் கண்டபோது, தாண்டிச் சென்ற பிறகும் திரும்பிவந்து அதை ஆராய்ந்தார்கள். நீண்ட பயணத்தின் அவசரத்தில் அறிவை விட்டுவிடாத இந்தப் பண்பு போற்றத்தக்கது.

2011 ஆகஸ்ட் 9 அன்று எண்டெவர் விளிம்பைத் தொட்டது. சுமார் 21 கிலோமீட்டர், மூன்று ஆண்டுகள். தொட்ட இடத்துக்கு ஸ்பிரிட் முனை என்று பெயரிட்டார்கள். மணலில் சிக்கிய இரட்டை ஊர்தி ஸ்பிரிட் 2010 மார்ச்சில் பேச்சை நிறுத்தியிருந்தது. பெருங்குழிகளுக்கெல்லாம் எண்டூரன்ஸ், எரெபஸ், விக்டோரியா, எண்டெவர் என்று நாடு தேடிச் சென்ற மரக்கலங்களின் பெயர்களையே வைத்தார்கள்.

எண்டெவர் கைவிடவில்லை. அந்த ஆண்டின் இறுதிக்குள் விளிம்படியில் வெள்ளை நரம்பாக ஓடிய ஜிப்சம் கிடைத்தது. பாறை வெடிப்பில் நீர் ஓடிப் படியவைத்த கனிமம் அது. 2013இல் எஸ்பெரன்ஸ் என்ற பாறையில் களிமண் கனிமம் செறிந்திருந்தது. அமிலம் அல்லாத, ஏறத்தாழ நடுநிலையான நீர் நிறையப் பாய்ந்ததால் உருவானது அது. குடிக்கத்தக்க நீர் என்ற பொருளில் ஸ்குவயர்ஸ் அதைப் பற்றிப் பேசினார். 2004இல் எழுந்த கேள்விக்கு ஒன்பது ஆண்டுகள் கழித்துக் கிடைத்த விடை இது.

சாதனைகளும் வந்தன. 2014 ஜூலையில் சோவியத் நாட்டின் லூனகோத் 2 ஊர்தி நிலவில் 1973இல் ஓடிய 39 கிலோமீட்டரைக் கடந்தது. முன்னோடிக்கு மரியாதையாக ஒரு சிறு குழிக்கு லூனகோத் 2 என்று அமெரிக்கக் குழுவினர் பெயர் சூட்டியது பண்பட்ட செயல். 2015 மார்ச் 24 அன்று மாரத்தான் தூரமான 42.195 கிலோமீட்டரைக் கடந்தது.

கடைசி ஆண்டுகளில் அதன் நிலைநினைவகம் செயலிழந்தது. அன்றன்றைய தரவை இரவுக்குள் அனுப்பியாக வேண்டும். இல்லையேல் விடியும்போது அது இருக்காது. அப்படியும் பர்சிவரன்ஸ் என்ற பள்ளத்தாக்கில் இறங்கி, அது நீர் அரித்ததா, காற்று அரித்ததா என்று ஆராய்ந்துகொண்டிருந்தது. 2018 ஜூன் 10 அன்று கடைசிச் செய்தி வந்தது. கோளையே சூழ்ந்த புழுதிப் புயலில் அன்று அதற்குக் கிடைத்த மின்சாரம் 22 வாட்மணிதான். ‘மின்கலம் குறைகிறது, இருட்டுகிறது’ என்ற பொருளில் அதன் கடைசி வாக்கியம் என்று ஒன்று உலகெங்கும் பரவியது. ஊர்தி அப்படி எதுவும் சொல்லவில்லை. அது அனுப்பியவை எண்கள். ஒரு செய்தியாளர் அவற்றின் பொருளைத் தம் சொற்களில் எழுதினார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட அழைப்புகளுக்குப் பதில் வராததால், 2019 பிப்ரவரி 13 அன்று பணி முடிந்ததாக நாசா அறிவித்தது.

வந்த படங்களை உடனுக்குடன் பொதுவில் வைத்தது நாசா செய்த அரிய செயல். அதனால் உலகின் எந்த மூலையில் இருந்தவரும் அன்றைய சக்கரத் தடத்தை அன்றே பார்த்து, கூடவே நடந்துவர முடிந்தது. ஊர்தி அனுப்பிய 2,17,000க்கும் மேற்பட்ட படங்கள் இன்றும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. இதைப் படிக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: பர்கடரி மேட்டில் அது சிக்கிய வாரங்களின் படங்களை மாணவர்களுக்கு வரிசையாகக் காட்டி, அடுத்த நாள் என்ன கட்டளை அனுப்புவீர்கள் என்று கேளுங்கள்.