சுவிஸ் சகோதரர் சபை

சுவிஸ் சகோதரர் என்போர் 1525-ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் தோன்றிய கிறித்தவச் சபையினர் ஆவர். குழந்தைகளுக்குத் திருமுழுக்கு (ஞானஸ்நானம்) கொடுப்பதை இவர்கள் ஏற்கவில்லை. தாமாக நம்பிக்கை கொண்டு முன்வருபவருக்கு மட்டுமே அதைக் கொடுத்தனர். எதிர்த்தவர்கள் இவர்களை 'அனபாப்டிஸ்ட்' என்றனர். 'மறுபடி முழுக்குக் கொடுப்பவர்' என்பது இச்சொல்லின் பொருள். சபையினர் இப்பெயரை ஏற்கவில்லை. குழந்தையாக இருந்தபோது நடந்தது திருமுழுக்கே அல்ல என்பதால், தாங்கள் பெறுவதுதான் முதலாவது என்றனர். இது வெறும் சொல் வழக்கு அன்று. மறுமுழுக்குக் கொடுப்பவருக்கு மரண தண்டனை என்று பேரரசர் ஜஸ்டினியன் காலத்து உரோமச் சட்டத்தில் இருந்தது. ஆகவே, அப்பெயரே ஒரு குற்றச்சாட்டாக இருந்தது.

பின்னணி

1519 முதல் சூரிக் நகரின் தலைமைப் போதகராக இருந்த உல்ரிச் சுவிங்லி, வேதாகமத்தை மட்டுமே ஆதாரமாகக் கொண்டு திருச்சபையைச் சீர்திருத்த வேண்டும் என்று போதித்தார். அவரிடம் கிரேக்கமும் வேதாகமமும் கற்ற இளைஞர்களில் கான்ராட் கிரேபெல், ஃபீலிக்ஸ் மான்ஸ் ஆகிய இருவர் முக்கியமானவர்கள். 1523 அக்டோபரில் நடந்த பொது விவாதத்தில், உருவங்களும் பூசையும் வேதாகமத்துக்கு ஒவ்வாதவை என்பதில் பெரும்பாலோர் ஒத்துப்போயினர். ஆனால் அவற்றை எப்போது நீக்குவது என்பதை நகர மன்றம் தீர்மானிக்கட்டும் என்று சுவிங்லி விட்டுவிட்டார். வேதம் தெளிவாகச் சொன்ன பிறகு மன்றத்தின் அனுமதி எதற்கு என்று மாணவர்கள் கேட்டனர். பிளவின் வேர் இங்குதான் இருக்கிறது. திருமுழுக்குப் பற்றிய சர்ச்சை அதற்குப் பின்னர் வந்ததே.

அக்காலச் சூரிக்கில் ஊரும் சபையும் வெவ்வேறு அல்ல. பிறக்கும் ஒவ்வொரு குழந்தையும் திருமுழுக்கின் வழியாகவே திருச்சபையிலும் ஊர்ச் சமுதாயத்திலும் இடம் பெற்றது. எனவே, 'என் குழந்தைக்கு இப்போது வேண்டாம்' என்று ஒரு தந்தை சொன்னால், அது மன்றத்தின் காதில் கலகமாகவே ஒலித்தது.

முதல் திருமுழுக்கு

1525 சனவரி 17-இல் நடந்த விவாதத்தின் முடிவில், குழந்தைகளுக்கு எட்டு நாட்களுக்குள் திருமுழுக்குக் கொடுக்காதவர் நாடு கடத்தப்படுவர் என்று மன்றம் ஆணையிட்டது. கிரேபெல் வீட்டில் அப்போது பிறந்து சில நாட்களே ஆன பெண் குழந்தை இருந்தது. சனவரி 21 அன்று கிரேபெல், மான்ஸ் இருவரும் இனிக் கூட்டம் கூட்டக் கூடாது என்ற தடையும் வந்தது. அன்று மாலையே அவர்கள் கூடினர். ஜெபத்துக்குப் பின், முன்பு குருவாக இருந்த ஜார்ஜ் பிளௌராக் தமக்குத் திருமுழுக்குத் தரும்படி கிரேபெலைக் கேட்டார். கிரேபெல் கொடுத்தார். பின்னர் பிளௌராக் மற்றவர்களுக்குக் கொடுத்தார்.

அடுத்த வாரம் ஏரிக்கரைச் சிற்றூரான சோலிக்கோனில் சுமார் 35 பேர் திருமுழுக்குப் பெற்றனர். பெரும்பாலும் விவசாயிகள். வீடுகளில் கூடி வேதம் வாசித்து, சாதாரண ரொட்டியையும் திராட்சரசத்தையும் பகிர்ந்து கொண்டனர். இவர்கள் என்ன பேசினார்கள், யார் அழுதார்கள், யார் தண்ணீர் ஊற்றினார்கள் என்பதெல்லாம் நமக்குத் தெரிவது பெரும்பாலும் இவர்களைக் கைது செய்து விசாரித்த அதிகாரிகள் எழுதிவைத்த குறிப்புகளால்தான். சிறை, அபராதம், மிரட்டல் ஆகியவற்றால் சோலிக்கோன் சபை அந்த ஆண்டு முடிவதற்குள் கலைந்தது. ஆனால் சிதறியவர்கள் போன இடமெல்லாம் புதிய சபைகள் உருவாயின.

தமிழில் 'முழுக்கு' என்ற சொல் நீரில் மூழ்குவதைக் குறித்தாலும், சோலிக்கோனில் நடந்தது தலையில் நீர் ஊற்றுவதே. கிரேபெல் ஒருவரை ரைன் ஆற்றில் முழுவதுமாக மூழ்கச் செய்ததும் உண்டு. எவ்வளவு நீர் என்பதை அவர்கள் பெரிதுபடுத்தவில்லை. மனம் திரும்பியவரா, பாவ மன்னிப்பை நம்புகிறவரா, தாமே கேட்கிறாரா என்பவையே அவர்கள் பார்த்தவை.

சபை ஆளுகை

அரசின் துணை இல்லாத ஒரு சபையை யார் நடத்துவது? இக்கேள்விக்கு 1527 பிப்ரவரி 24 அன்று ஷ்லைட்ஹைம் என்னும் ஊரில் கூடியவர்கள் விடை தந்தனர். அங்கு ஏற்கப்பட்ட ஏழு பிரிவுகளை எழுதியவர், முன்னாள் பெனடிக்டின் துறவியான மைக்கேல் சாட்லர் எனக் கருதப்படுகிறது. திருமுழுக்கு, சபை விலக்கு, அப்பம் பிட்குதல், உலகத்திலிருந்து பிரிந்திருத்தல், மேய்ப்பர், வாள், ஆணையிடுதல் என்பன அவை.

மேய்ப்பர் நற்பெயர் உடையவராக இருக்க வேண்டும். வாசித்தல், புத்தி சொல்லுதல், ஜெபத்தை நடத்துதல், அப்பம் பிட்குதல் ஆகியவை அவர் பணிகள். அவருக்குத் தேவை ஏற்பட்டால் சபையே தாங்க வேண்டும். ஊர் மன்றம் தரும் சம்பளம் கிடையாது. அவரே பாவம் செய்தால், சாட்சிகளைக் கொண்டு அவரையும் கண்டிக்கலாம். மேய்ப்பர் நாடு கடத்தப்பட்டாலோ கொல்லப்பட்டாலோ, அதே வேளையில் இன்னொருவர் அவ்விடத்தில் நியமிக்கப்பட வேண்டும் என்றும் எழுதினர். இப்படி ஒரு விதியை எழுத நேர்ந்ததே அவர்கள் நிலையைக் காட்டுகிறது.

தவறு செய்பவருக்கு மத்தேயு 18-ஆம் அதிகாரத்தின்படி இரண்டு முறை தனியாக எச்சரிக்கை, மூன்றாவது முறை சபை முன்னிலையில் கண்டனம், திருந்தாவிட்டால் விலக்கு. அடி, சிறை, அபராதம் எதுவும் இல்லை. அரசின் வாள் கடவுள் ஏற்படுத்தியதே என்றாலும் அது கிறிஸ்துவின் நிறைவுக்கு வெளியே உள்ளது என்று கூறி, சீடர்கள் ஆட்சிப் பதவி ஏற்பதையும் ஆணையிடுவதையும் தவிர்த்தனர்.

தண்டனைகள்

மறுமுழுக்குக் கொடுப்பவரை நீரில் மூழ்கடிக்க வேண்டும் என்று சூரிக் மன்றம் 1526 மார்ச்சில் ஆணையிட்டது. கிரேபெல் அவ்வாண்டு கொள்ளைநோயில் இறந்தார். 1527 சனவரி 5 அன்று மான்ஸ் கைகள் முழங்காலோடு கட்டப்பட்டு, லிம்மாட் ஆற்றில் மூழ்கடிக்கப்பட்டார். நீரால் குற்றம் செய்தவருக்கு நீராலேயே தண்டனை என்ற ஏளனம் அதில் இருந்தது. ரோமின் அதிகாரத்தை எதிர்த்து எழுந்த ஒரு நகரம் பத்தாண்டுகூட ஆவதற்குள் இதைச் செய்தது. பிளௌராக் அந்நகரக் குடிமகன் அல்லாததால் சாட்டையடியோடு விரட்டப்பட்டார். 1529-இல் அவர் டிரோல் பகுதியில் எரிக்கப்பட்டார்.

சாட்லர் 1527 மே மாதம் ரோட்டன்பர்க்கில் சித்திரவதைக்குப்பின் எரிக்கப்பட்டார். துருக்கியர் படையெடுத்து வந்தாலும் எதிர்த்துப் போரிடக் கூடாது என்று கூறியதும் அவர்மீதான குற்றச்சாட்டுகளில் ஒன்று. அதற்கு முந்தைய ஆண்டுதான் மொகாச் போரில் துருக்கியரிடம் ஹங்கேரி தோற்றிருந்தது. நீதிபதிகளின் அச்சம் முற்றிலும் கற்பனை என்று சொல்ல முடியாது; தண்டனையின் கொடூரத்துக்கு அது நியாயமும் ஆகாது. சில நாட்கள் கழித்து அவர் மனைவி மார்கரெட்டா ஆற்றில் மூழ்கடிக்கப்பட்டார்.

பின்னாளில்

1534-35-இல் மியூன்ஸ்டர் நகரை ஆயுதத்தால் ஆண்ட கூட்டத்தினரும் அனபாப்டிஸ்டுகளே என்பதால், வாளைத் தொடாத சுவிஸ் சகோதரரும் அந்தப் பழியைச் சுமந்தனர். நெதர்லாந்தில் மென்னோ சைமன்ஸ் ஒழுங்குபடுத்திய சபைகளின் பெயரால் இவர்களின் வழிவந்தோர் மென்னோனைட்டுகள் எனப்பட்டனர். சபை விலக்குப் பெற்றவரோடு உறவினர் சேர்ந்து உண்ணலாமா என்ற கேள்வியில் 1693-இல் யாக்கோப் அம்மான் தலைமையில் ஒரு பிரிவு விலகியது. அவர்களே ஆமிஷ் மக்கள். வாளுக்கு மாற்றாக வகுத்த ஒழுங்கு முறையே குடும்பங்களைப் பிரிப்பதாகவும் ஆனது.

மான்ஸ் மூழ்கடிக்கப்பட்ட கரையில் 2004-ஆம் ஆண்டு சூரிக்கின் சீர்திருத்தத் திருச்சபை நினைவுக் கல் ஒன்றைத் திறந்து வைத்தது. அவரோடு, 1532 வரை அங்கு கொல்லப்பட்ட மற்ற ஐவரையும், 1614-இல் தலை வெட்டப்பட்ட ஹான்ஸ் லாண்டிஸையும் அது குறிப்பிடுகிறது.