'பேரல்' என்ற மீன் மகளான கதை

கோடிங்ல ஒரு வேரியபிளோட பேரை மாத்தினா அவுட்புட் மாறாது. ஆனா ஒரு மீனோட பேரை மாத்தினதும் அதோட தலையெழுத்து மாறின கதை ஒண்ணு இருக்கு. இடம், குஜராத்தின் சௌராஷ்டிரக் கடற்கரை. மீன், திமிங்கலச் சுறா.

பேர்ல திமிங்கலம் இருந்தாலும் இது சுறாதான். உலகத்திலேயே பெரிய மீன். 12 மீட்டர், அதாவது ஒரு பஸ் நீளத்துக்கும் மேல வளரும். சாப்பிடுறதெல்லாம் மிதவை உயிரிகளும் குட்டி மீன்களும்தான்.

வேராவல் பக்கத்து மீனவர்கள் இதை 'பேரல்'னு கூப்பிட்டாங்க. காரணம், வேட்டை முறை. பெரிய இரும்புக் கொக்கியை மாட்டி, அதன் கயிற்றில் காலி பீப்பாய்களைக் கட்டிவிடுவார்கள். பீப்பாய் மிதக்கும்; மீனால் ஆழத்துக்குப் போக முடியாது. களைத்ததும் கரைக்கு இழுத்துவிடுவார்கள். ஆரம்பத்தில் ஈரல் எண்ணெய்க்காகத்தான் பிடித்தார்கள். மரப்படகில் தண்ணீர் புகாமல் இருக்க அதைப் பூசுவது வழக்கம். 1990-களில் இறைச்சி ஏற்றுமதி சூடுபிடித்ததும் வேட்டையும் வேகமெடுத்தது.

2000-ல் மைக் பாண்டே எடுத்த 'ஷோர்ஸ் ஆஃப் சைலன்ஸ்' ஆவணப்படம் இதை வெளியுலகுக்குக் காட்டியது. 2001 மே மாதம், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலி இருக்கும் அதே முதல் அட்டவணையில் இதுவும் சேர்ந்தது. அந்தப் பாதுகாப்பு கிடைத்த முதல் மீன் இதுதான்.

சரி, சட்டம் வந்தாச்சு. நடுக்கடல்ல யார் போய்ப் பார்க்குறது?

2004-ல் வைல்ட்லைஃப் டிரஸ்ட் ஆஃப் இந்தியா கரையோர ஊர்களில் பிரசாரம் தொடங்கியது. ராமாயணக் கதை சொல்லும் மொராரி பாபு அதில் சேர்ந்தார். அவர் சொன்ன உவமை எளிமையானது: இது பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் மகள். பெயரும் வந்தது, 'வ்ஹாலி'. செல்லமானவள்னு அர்த்தம். பிரசவத்துக்கு வந்த பொண்ணு மேல யாராவது கொக்கி வீசுவாங்களா?

எனக்கு முக்கியமாப் படுறது இதுக்கு அடுத்த கட்டம். வலையில் சிக்கிய சுறாவை விடணும்னா வலையை அறுக்கணும். அந்த வலை ஒரு குடும்பத்தோட முதலீடு. அதனால் அறுத்த வலைக்குக் குஜராத் வனத்துறை நிவாரணம் கொடுத்தது. வேட்டைக்குப் போன அதே கரையோர ஊர்க்காரர்கள், இதுவரை நூற்றுக்கணக்கான சுறாக்களை வலையறுத்து விட்டிருக்கிறார்கள்.

உலக அளவில் ஆபத்து தீரலை. 2016-ல் ஐயூசிஎன் இதை 'அழியும் நிலையில்' என்ற பட்டியலுக்கு மாற்றியது. கப்பல் மோதியும், வலையில் சிக்கியும் இன்னும் சாகின்றன.

அதனால, "தடை போட்டாப் போதும்"னு யாராவது சொன்னா, அறுந்த வலைக்கு யார் காசு தருவாங்கன்னு கேளுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.