இலங்கையின் சிற்றூர் நீர்மின் நிலையங்கள்

இலங்கையின் மத்திய மலைநாட்டிலும் சப்ரகமுவ மாகாணத்திலும் மின்சார சபையின் கம்பி எட்டாத ஊர்களுக்கு ஓடைநீரால் மின்சாரம் தந்த சிறு நிலையங்கள். பெரும்பாலும் 3 முதல் 50 கிலோவாட் வரை திறன் கொண்டவை, அணை கிடையாது.

ஓடையின் குறுக்கே சிறு தடுப்பு கட்டி, நீரில் ஒரு பங்கை வாய்க்காலில் திருப்பி, மேட்டுத் தொட்டியில் மண் தெளியவிட்டு, குழாயில் சரிவாக இறக்குவார்கள். கீழே பெல்டன் சக்கரத்தைச் சுழற்றிய நீர் மீண்டும் ஓடையிலேயே சேரும். நொடிக்கு 10 லிட்டர் நீர் 50 மீட்டர் இறங்கினால் கணக்குப்படி 4.9 கிலோவாட், இழப்பு போக ஏறத்தாழ அதில் பாதி கிடைக்கும்.

செலவைக் குறைக்க, பல நிலையங்களில் சாதாரண இண்டக்‌ஷன் மோட்டாரையே மின்தேக்கிகள் இணைத்து ஜெனரேட்டராக ஓட்டினார்கள். வீடுகளில் விளக்கு அணைய அணைய, மிஞ்சும் மின்சாரத்தை ஒரு கட்டுப்பாட்டுக் கருவி ஹீட்டருக்குத் திருப்பும். அது இல்லையென்றால் சக்கரம் வேகமெடுத்து பல்புகள் கருகிவிடும்.

இந்நுட்பம் மலைநாட்டுக்குப் புதிதன்று. வெள்ளையர் காலத்திலேயே தேயிலைத் தோட்டங்கள் நீரால் மின்சாரம் எடுத்தன. அது தொழிற்சாலைக்கும் துரை பங்களாவுக்கும் போனது, தொழிலாளர் குடியிருந்த லயங்களில் மண்ணெண்ணெய் விளக்குதான். 1950இல் லக்சபான நிலையம் இயங்கத் தொடங்கி, மின்கம்பிகள் பரவியபின் தோட்ட நிலையங்கள் பல கைவிடப்பட்டன. 1970களின் எண்ணெய் விலையேற்றம் அவற்றை நினைவூட்டியது. 1990களில் அதே நுட்பம் கிராமங்களுக்கு வந்தது. 1997இல் தொடங்கிய உலக வங்கித் திட்டம் கடனுதவி தந்தது.

கடன் வாங்கியதும் நிலையத்தை நடத்தியதும் ஊரார் அமைத்த மின் நுகர்வோர் சங்கங்கள். வாய்க்காலைச் சிரமதானமாக வெட்டினார்கள். வீட்டுக்கு 100 முதல் 250 வாட் வரைதான் பங்கு. விளக்கும் தொலைக்காட்சியும் ஓடும். மாலையில் ஒரு வீட்டில் இஸ்திரிப் பெட்டி போட்டால் ஊரே மங்கும் என்பதால், சங்கத்தின் கட்டுப்பாடு இயந்திரத்தைவிட முக்கியமாயிற்று.

இவற்றை ஓயவைத்தது பழுதைவிட மின்சார சபையின் கம்பியே. அது வந்ததும் உறுப்பினர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள், சந்தா குறைந்தது, வாய்க்கால் தூர்ந்தது. 2016 அளவில் நாட்டின் ஏறக்குறைய எல்லா வீடுகளுக்கும் மின்சாரம் கிடைத்துவிட்டது. சில சங்கங்கள் மட்டும் தங்கள் நிலையத்தைத் தேசிய மின்தொகுப்பில் இணைத்து, உற்பத்தியைச் சபைக்கே விற்கும் வழியை நாடின.